கவலை வரும்போது எங்கிருந்து தொடங்குவது? புதிய விசுவாசிகளுக்கு ஒரு வழிகாட்டி

இயேசுவைப் புதிதாக ஏற்றுக்கொண்ட பலருக்கு, ஒரு கவலை இருந்த இடத்தில் இரண்டு கவலைகள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. வேலை, கடன், உடல்நலம், பிள்ளைகள் என்று ஏற்கனவே இருந்தது ஒன்று. "கவலைப்படாதிருங்கள் என்று இயேசு சொல்லியிருக்கிறார். நான் இன்னும் கவலைப்படுகிறேனே, அப்படியானால் என் விசுவாசம் உண்மைதானா?" என்று புதிதாகச் சேர்வது இன்னொன்று.

இந்த இரண்டாவதை முதலில் தீர்த்துவிடுவோம். எல்லாச் சபைகளையும் குறித்த கவலை தன்னை நாள்தோறும் நெருக்குவதாக அப்போஸ்தலனாகிய பவுலே எழுதியிருக்கிறார் (2 கொரிந்தியர் 11:28). "எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று தாவீது கர்த்தரிடமே கேட்டிருக்கிறார் (சங்கீதம் 13). சிலுவைக்கு முந்தின இரவில் கெத்செமனே தோட்டத்தில் இயேசுவின் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கம் கொண்டிருந்தது. ஆகவே மனம் கலங்குவதே விசுவாசம் இல்லாததற்கு அடையாளம் என்று யாராவது சொன்னால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மத்தேயு 6-ஆம் அதிகாரத்தை 25-ஆம் வசனத்திலிருந்து கடைசி வரை ஒருமுறை நிதானமாக வாசித்துப் பாருங்கள். இயேசு அங்கே யாரையும் அதட்டவில்லை. காரணம் சொல்லிப் புரியவைக்கிறார். பறவைகளைப் பாருங்கள், காட்டுப் புஷ்பங்களைக் கவனியுங்கள், கவலைப்பட்டு ஒரு முழம் வளர்ந்தவர் யாராவது உண்டா, இவையெல்லாம் உங்களுக்கு வேண்டியவை என்று உங்கள் பரமபிதாவுக்குத் தெரியுமே என்கிறார். பயந்துபோன பிள்ளையிடம் ஒரு தகப்பன் பேசும் தொனி அது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். யோசிப்பதும் திட்டமிடுவதும் கவலை ஆகாது. கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று சொன்னவரும் இயேசுதான் (லூக்கா 14:28). யோசனை ஏதாவது ஒரு செயலில் போய் முடியும். கவலை, கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்து நிற்கும். ஒரே விஷயத்தை நான்காவது முறையாகப் புரட்டிக்கொண்டிருக்கிறீர்கள், செய்ய வேண்டியது ஒன்றும் புதிதாகப் பிடிபடவில்லை என்றால், நீங்கள் யோசனையைத் தாண்டிக் கவலைக்குள் போய்விட்டீர்கள். அந்த இடத்தில்தான் கீழே உள்ள படிகள் உதவும்.

படி 1: சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா?

ஆவிக்குரிய கட்டுரையில் இது என்ன கேள்வி என்று தோன்றலாம். 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். எலியா தீர்க்கதரிசி பயந்து ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்கிறார். தேவன் உடனே உபதேசம் பண்ணவில்லை. ஒரு தூதன் வந்து தட்டி எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுக்கிறான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறார். தூதன் இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். "எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்?" என்ற கேள்வி அதற்கெல்லாம் பிறகு, நாற்பது நாள் பயணம் முடிந்து, ஓரேப் மலையில்தான் வருகிறது.

ஆகவே நள்ளிரவில், களைத்த உடம்போடு, வாழ்க்கையின் பெரிய கேள்விகளுக்கு விடை தேடாதீர்கள். அந்த நேரத்தில் எல்லாமே இரண்டு மடங்கு பெரிதாகத் தெரியும். இரண்டு வரி ஜெபம் போதும். மற்றதைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம்.

வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, நெஞ்சு படபடக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை, அன்றாட வேலையைக் கூடச் செய்ய முடியவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினால் ஒரு நாள் கூடத் தள்ளிப்போட வேண்டாம். அன்றைக்கே நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி, அவரையும் கூட்டிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். மருந்து எடுப்பது அவிசுவாசம் என்ற பேச்சு சில இடங்களில் உண்டு. பவுலோடு இருந்த லூக்கா ஒரு வைத்தியர். "பிரியமான வைத்தியன்" என்றே பவுல் அவரை அழைக்கிறார் (கொலோசெயர் 4:14). வயிற்றுக்கோளாறு இருந்த தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதியனுப்பியதும், கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்ற ஆலோசனைதான்.

படி 2: கவலைக்குப் பெயர் வைத்து எழுதுங்கள்

"என் வாழ்க்கை என்ன ஆகுமோ" என்பதை வைத்துக்கொண்டு ஜெபிப்பது கஷ்டம். அதற்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை. "மூன்று மாதத்தில் வேலை ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிப்பார்களா தெரியவில்லை" என்று எழுதினால் அதைக் கையில் பிடிக்கலாம்.

எசேக்கியா ராஜா செய்தது இதைத்தான். அசீரிய ராஜாவின் மிரட்டல் கடிதம் வந்ததும், அதை வாசித்து, கர்த்தருடைய ஆலயத்துக்குக் கொண்டுபோய், அவருக்கு முன்பாக விரித்து வைத்தார் (2 இராஜாக்கள் 19:14). பிறகுதான் ஜெபித்தார். உங்கள் மருத்துவ அறிக்கையையோ வங்கியிலிருந்து வந்த கடிதத்தையோ அப்படியே விரித்து வைத்து ஜெபிப்பதில் தவறொன்றும் இல்லை.

எழுதியதற்குக் கீழே இரண்டு பகுதி பிரியுங்கள்: இதில் நான் செய்யக்கூடியது, என் கையில் இல்லாதது. மேலே சொன்ன வேலை விஷயத்தையே எடுத்துக்கொண்டால், மேலாளரிடம் நேரடியாகக் கேட்பது, விண்ணப்பங்களைத் தயார்செய்வது, செலவைக் குறைப்பது எல்லாம் முதல் பகுதி. நிர்வாகம் என்ன முடிவெடுக்கும் என்பது இரண்டாவது. எருசலேமின் மதிலைக் கட்டிய நெகேமியாவுக்கு எதிரிகள் தொல்லை கொடுத்தபோது, "தேவனை நோக்கி ஜெபித்தோம், காவலும் வைத்தோம்" என்ற பொருளில் ஒரே வாக்கியத்தில் எழுதுகிறார் (நெகேமியா 4:9). ஜெபம் செய்ததால் காவல் தேவையில்லை என்று அவர் நினைக்கவில்லை. காவல் இருக்கிறதே என்று ஜெபத்தை விடவும் இல்லை.

படி 3: எழுதியதை ஜெபமாக்குங்கள்

"நீங்கள் ஒன்றுக்குங் கவலைப்படாமல், எல்லாவற்றையுங்குறித்து உங்கள் விண்ணப்பங்களை ஸ்தோத்திரத்தோடே கூடிய ஜெபத்தினாலும் வேண்டுதலினாலும் தேவனுக்குத் தெரியப்படுத்துங்கள்" (பிலிப்பியர் 4:6). இதைப் பவுல் எழுதியது கட்டுண்ட கைதியாக. தீர்ப்பு வாழ்வா சாவா என்று தெரியாத நிலையில் எழுதினார் என்பது முதல் அதிகாரத்திலேயே தெரியும். வசதியாக உட்கார்ந்துகொண்டு சொன்ன அறிவுரை இல்லை என்பதால்தான் இந்த வசனத்தின் மேல் எனக்குத் தனி மரியாதை.

ஜெபிக்கத் தெரியவில்லை என்று சொல்லும் புதியவர்களுக்கு இந்த ஒரு வசனமே போதும். இதில் மூன்று காரியங்கள் இருக்கின்றன. விஷயத்தைச் சொல்வது, வேண்டியதைக் கேட்பது, நன்றி சொல்வது. அலங்கார வார்த்தைகள் தேவையில்லை. "ஆண்டவரே, ஒப்பந்தம் முடியப்போகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த வேலையைத் தொடரச் செய்யும், இல்லையென்றால் வேறு வழியைக் காட்டும். இதுவரை ஒரு நாளும் பட்டினி கிடக்க விடாமல் நடத்தினீரே, அதற்கு நன்றி. இன்றைக்கு நான் செய்ய வேண்டியதைச் செய்யப் பெலன் தாரும்." இவ்வளவுதான். ஸ்தோத்திரம் என்பது கஷ்டத்தை நல்லது என்று நடிப்பதாகாது; கஷ்டத்தின் நடுவிலும் உண்மையாகவே இருக்கிற நன்மையைத் தேடிப் பார்த்துச் சொல்வது.

அடுத்த வசனத்தில் என்ன வாக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். கேட்டதெல்லாம் உடனே கிடைக்கும் என்று அங்கே இல்லை. எல்லாப் புத்திக்கும் மேலான தேவசமாதானம் இருதயத்தையும் சிந்தையையும் காக்கும் என்றுதான் இருக்கிறது. சூழ்நிலை மாறுவதற்கு முன்பே வரக்கூடிய காவல் அது.

சரி, காலையில் ஜெபித்த கவலை மதியம் திரும்பி வந்துவிட்டால்? மறுபடியும் சொல்லுங்கள். "அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்" என்ற வசனத்தில் (1 பேதுரு 5:7) ஒரே தடவைதான் வைக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. வார்த்தையே வராத நாளில், மூன்று சேனைகள் திரண்டு வந்தபோது யோசபாத் ராஜா சொன்னதைச் சொல்லலாம்: செய்ய வேண்டியது இன்னதென்று எங்களுக்குத் தெரியவில்லை, எங்கள் கண்கள் உம்மையே நோக்கிக்கொண்டிருக்கிறது (2 நாளாகமம் 20:12).

படி 4: தேவன் ஏற்கனவே சொன்னதிலிருந்து தொடங்குங்கள்

வழிநடத்துதல் என்றதும் புதியவர்கள் ஒரு குரலையோ கனவையோ எதிர்பார்த்துக் காத்திருப்பார்கள். அது கிடைக்கவில்லை என்பதே அடுத்த கவலையாகிவிடும். தேவன் அப்படியும் பேசுவார், வேதத்தில் நிறைய உதாரணம் உண்டு. ஆனால் தேவ சித்தத்தின் பெரும்பகுதி எழுதி முடிக்கப்பட்டு உங்கள் கையில் இருக்கிறது. பொய் சொல்லிக் கிடைக்கும் வேலையை ஏற்கலாமா என்று ஜெபிக்க வேண்டியதே இல்லை. மன்னிக்கலாமா, வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்கலாமா என்பதும் அப்படியே. இவற்றையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தால், உண்மையிலேயே நீங்கள் முடிவெடுக்க வேண்டிய பகுதி முதலில் நினைத்ததைவிடச் சிறியதாக இருக்கும்.

வேதத்தை எப்படி வாசிப்பது? கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தை ஆண்டவரின் பதிலாக எடுத்துக்கொள்ளும் பழக்கத்தைத் தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள். ஒரு புத்தகத்தைத் தேர்ந்தெடுத்துத் தொடர்ச்சியாக வாசியுங்கள். பிலிப்பியர் நிருபம் நான்கே அதிகாரம், ஒரே அமர்வில் முடித்துவிடலாம். நீதிமொழிகளில் 31 அதிகாரங்கள் இருப்பதால் தேதிக்கு ஒன்றாக ஒரு மாதத்தில் வாசிக்கலாம். அப்புறம் மத்தேயு 5 முதல் 7 வரை. கூடவே தினமும் ஒரு சங்கீதம்.

முன்னும் பின்னும் வாசிப்பதால் என்ன வித்தியாசம் என்பதற்கு எரேமியா 29:11 நல்ல உதாரணம். தம்முடைய நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவானவை என்று கர்த்தர் சொல்லும் அந்த வசனம் எல்லாருக்கும் பிடிக்கும். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதத்தில் வருகிறது. அதற்கு முந்தின வசனத்தில் எழுபது வருஷம் என்ற கெடு இருக்கிறது! அனனியா என்ற தீர்க்கதரிசி இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று சொன்னான். கேட்க இனிமையாக இருந்தது, பொய்யாகப் போனது. எரேமியாவின் கடிதமோ வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குத் திருமணம் செய்யுங்கள், இருக்கும் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்கிறது. பதில் தாமதிக்கும் காலத்தில் எப்படி வாழ்வது என்பதற்கு இதைவிடத் தெளிவான வழிநடத்துதல் வேண்டுமா?

படி 5: ஞானம் கேளுங்கள், ஆட்களிடமும் கேளுங்கள்

ஞானத்தில் குறைவுள்ளவன் தேவனிடத்தில் கேட்கட்டும், அவர் கடிந்துகொள்ளாமல் கொடுப்பார் என்கிறது யாக்கோபு 1:5. அந்த ஞானம் பெரும்பாலும் மனிதர்கள் வழியாகவே வந்து சேரும். அநேக ஆலோசனைக்காரர் இருந்தால் சுகம் உண்டாகும் என்பது நீதிமொழிகளின் வாக்கு (11:14).

உங்கள் போதகர், சபையில் அனுபவமுள்ள ஒரு விசுவாசி, அந்தத் துறை தெரிந்த ஒருவர் என்று இரண்டு மூன்று பேரிடம் பேசுங்கள். நீங்கள் கேட்க விரும்பாததையும் முகத்துக்கு நேராகச் சொல்லக்கூடியவராக அதில் ஒருவராவது இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் "ஆமென்" சொல்பவர்களை மட்டும் கூட்டி வைத்துக் கேட்பது ஆலோசனை ஆகாது.

"கர்த்தர் எனக்குச் சொன்னார், நீ இந்த வரனைத்தான் ஒத்துக்கொள்ள வேண்டும்", "இந்தப் பணத்தை இங்கேதான் கொடுக்க வேண்டும்" என்று யாராவது வந்தால் அவசரப்படாதீர்கள். 1 இராஜாக்கள் 13-ஆம் அதிகாரத்தில் ஒரு தேவமனுஷன் வருகிறார். அந்த இடத்தில் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது என்று கர்த்தர் அவருக்கு நேரடியாகக் கொடுத்த கட்டளை ஒன்று இருந்தது. வயதான ஒரு தீர்க்கதரிசி வந்து, "தூதன் என்னோடு பேசினான்" என்று பொய் சொன்னதும் அவர் அந்தக் கட்டளையை விட்டுவிட்டுப் பின்னால் போனார். வழியில் சிங்கம் அவரைக் கொன்றுபோட்டது. வயதும் பட்டமும் பார்த்து ஏமாந்த கதை அது. உண்மையான வார்த்தையானால் வேதத்தோடு ஒத்துப்போகும்; நீங்கள் சோதித்துப் பார்க்க எடுக்கும் நேரத்தால் கெட்டுப்போகாது.

படி 6: திறந்த கதவையும் மன நிம்மதியையும் மட்டும் நம்ப வேண்டாம்

"கதவு திறந்திருக்கிறது, மனதுக்குச் சமாதானமாக இருக்கிறது, ஆகவே இது தேவ சித்தம்" என்று சொல்வதைச் சபைகளில் அடிக்கடி கேட்கலாம். இரண்டும் நல்ல குறிப்புகளே, ஆனால் தனியாக நிற்காது. நினிவே பட்டணத்துக்குப் போகும்படி தேவன் சொன்னால் யோனா தீர்க்கதரிசி எதிர்த்திசையில் தர்ஷீசுக்குக் கிளம்பினார். துறைமுகத்தில் கப்பல் தயாராக நின்றது. கையில் பயணக் கட்டணமும் இருந்தது. ஏறிப் படுத்தவர் புயலிலும் அயர்ந்து தூங்கினார். கதவும் திறந்திருந்தது, நிம்மதியும் இருந்தது. போன வழி மட்டும் தவறு. கெத்செமனேயிலோ இயேசு வியாகுலப்பட்டார், ஆனால் பிதாவின் சித்தத்தின் நடுவில் இருந்தார்.

ஆகவே வசனம், ஞானமான ஆலோசனை, சூழ்நிலை, ஜெபத்தில் வரும் மனத்தெளிவு எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால் நடக்கலாம். வசனம் ஒரு பக்கமும் மற்றதெல்லாம் மறுபக்கமும் போனால் வசனத்தின் பக்கம் நில்லுங்கள்.

பனி எதன் மேல் பெய்கிறது என்று பார்க்க கிதியோன் ஆட்டுத்தோலைப் போட்டு வைத்ததைப் போல (நியாயாதிபதிகள் 6) நானும் அடையாளம் கேட்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கிதியோனுக்குச் செய்ய வேண்டியது ஏற்கனவே சொல்லப்பட்டிருந்தது. தைரியம் போதாமல்தான் அடையாளம் கேட்டார். தேவன் பொறுமையாகக் கொடுத்தார். அதை வழக்கமாக்கிக்கொள்ளச் சொல்லும் வசனம் எதையும் நான் பார்த்ததில்லை.

படி 7: முடிவெடுங்கள், அன்றைய பங்கைச் செய்யுங்கள்

இரண்டு வழிகளும் வேதத்துக்கு விரோதமில்லாதவை, இரண்டும் நியாயமானவை என்றால் ஒன்றைத் தேர்ந்தெடுக்க உங்களுக்குச் சுதந்திரம் உண்டு. ஒரு தேதி குறித்துக்கொண்டு, அதுவரை ஜெபித்து, அன்றைக்கு முடிவெடுத்துவிடுங்கள். தவறான பேருந்தில் ஏறிவிட்டால் தேவனுடைய திட்டமே கைநழுவிப் போய்விடும் என்ற பயத்தில் ஆண்டுக்கணக்காக நின்ற இடத்திலேயே நிற்பவர்கள் இருக்கிறார்கள். "மனுஷனுடைய இருதயம் அவன் வழியை யோசிக்கும், அவனுடைய நடைகளை உறுதிப்படுத்துகிறவரோ கர்த்தர்" (நீதிமொழிகள் 16:9). நடந்தால்தானே நடையை உறுதிப்படுத்த முடியும்?

பவுலும் கூட இருந்தவர்களும் ஆசியா என்ற ரோம மாகாணத்தில் பிரசங்கிக்க முடியாதபடி தடுக்கப்பட்டார்கள். பித்தினியாவுக்குப் போக முயன்றார்கள், அதற்கும் தடை. கடைசியில் துரோவாவுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் மக்கெதோனியா நாட்டான் ஒருவன் உதவிக்கு வரும்படி அழைக்கும் தரிசனம் கிடைத்தது (அப்போஸ்தலர் 16). முழுப் பாதையும் முதல் நாளே காட்டப்படவில்லை. பயணத்தில் இருந்தவர்களுக்கு அடுத்த ஊர் தெரிந்தது.

வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு தேவன் தந்த மன்னா என்ற உணவும் அன்றன்றைக்கே கொடுக்கப்பட்டது. நாளைக்கு என்று எடுத்து வைத்தது பூச்சி பிடித்து நாறியது; ஓய்வுநாளுக்காக முந்தின நாள் சேர்த்ததற்கு மட்டும் விலக்கு. அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும் என்று இயேசு சொன்னதும் இதே ஒழுங்கு. எனவே காலையில் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த விஷயத்தில் இன்றைக்கு நான் செய்ய வேண்டியது என்ன? ஒரு தொலைபேசி அழைப்பாக இருக்கலாம், ஒரு மன்னிப்பாக இருக்கலாம், சும்மா காத்திருப்பதாகவும் இருக்கலாம். அதைச் செய்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

முடிவெடுத்த பிறகு கஷ்டம் வந்தால் முடிவு தவறு என்று உடனே எண்ண வேண்டாம். அந்தத் தரிசனத்துக்குக் கீழ்ப்படிந்து மக்கெதோனியாவிலுள்ள பிலிப்பிக்குப் போன பவுலுக்கும் சீலாவுக்கும் கிடைத்தது அடியும் சிறையும். கவலைப்படாதீர்கள் என்று பிற்பாடு பவுல் எழுதியது அதே ஊர்ச் சபைக்குத்தான்.

படி 8: ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள்

படி 2-இல் எழுதியதைக் கிழித்துப் போடாமல் ஒரு நோட்டில் தேதியோடு வைத்திருங்கள். ஒரு பக்கம் விண்ணப்பம், எதிர்ப்பக்கம் என்ன நடந்தது என்று. பிரிஸ்டல் நகரில் அநாதை இல்லங்கள் நடத்திய ஜார்ஜ் முல்லர் (1805–1898) பணத்துக்காக மனிதர்களிடம் கை நீட்டுவதில்லை என்று தீர்மானித்து ஜெபத்தை நம்பி வேலை செய்தவர். விண்ணப்பத்தையும் பதிலையும் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். நமக்கு அவ்வளவு பெரிய ஊழியம் இல்லாவிட்டாலும் எழுதும் பழக்கம் எல்லாருக்கும் உதவும். மனது பழைய பயங்களை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளும். அவை எப்படித் தீர்ந்தன என்பதைத்தான் மறந்துபோகும்.

சில மாதங்கள் கழித்துப் புரட்டினால் மூன்று வகை இருக்கும். கேட்டபடியே கிடைத்தவை, வேறு விதமாக முடிந்தவை, இன்னும் பதில் வராதவை. மாம்சத்தில் இருந்த முள், அதாவது தன்னை வதைத்த ஒரு பாடு, நீங்க வேண்டும் என்று பவுல் மூன்று தரம் கேட்டார். முள் போகவில்லை, "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில் வந்தது (2 கொரிந்தியர் 12). அதுவும் பதில்தான், அதையும் எழுதுங்கள். எதிர்ப்பக்கம் காலியாக இருப்பவற்றில் ஒன்றை எடுத்து, அடுத்த முறை சபைக்குப் போகும்போது நம்பிக்கையான ஒருவரிடம் காட்டி, உங்களோடு சேர்ந்து ஜெபிக்கச் சொல்லுங்கள்.